ஒன்றிலிருந்து எண்ணுதல்

பக்கவாதம் தாக்கிய ஒன்பதாம் நாள், பேச்சுப் பயிற்சி அளிக்க வந்த பெண் என் அப்பாவிடம், "ஐயா, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, இருட்டில் படியிறங்கக் கைப்பிடியைத் துழாவுகிறவர் போலச் சற்றுத் தயங்கி, "ஒன்று" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அவர் முடித்திருக்கவில்லை. "இரண்டு" என்று சொல்லி, அங்கே உறுதியாக நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் தம் கையின் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டியபோதும் அப்படியே நடந்தது. ஐந்து என்ற சொல்லை அவரால் நேராக எடுக்க முடியவில்லை. ஒன்றில் தொடங்கி, வழியில் எதையும் விடாமல் நடந்து, ஐந்தில் வந்து நின்றார். நாற்பது ஆண்டுகள் கணக்கராக இருந்தவருக்கு, நீண்ட பத்திகளில் அடுக்கிய எண்களை மேலிருந்து கீழே விரலை ஓட்டியபடியே கூட்டி அடியில் விடையை எழுதிவிடுகிறவருக்கு, ஓர் எண்ணின் பெயரை அடைய அதற்கு முன்னுள்ள எல்லா எண்களையும் தாண்டி வர வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் ஒரு மகனுக்கு வர வேண்டிய எண்ணம் எனக்கு வரவில்லை. இருபது ஆண்டுகளாகக் கணினி நிரல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு வரும் எண்ணம்தான் வந்தது: 'அரே போய்விட்டது, லிங்க்டு லிஸ்ட் மட்டும் எஞ்சியிருக்கிறது.' அரே என்பது எண்ணிட்ட அறைகளின் வரிசை. ஐந்தாம் அறையில் இருப்பது வேண்டுமானால் நேராக அதைத் திறக்கலாம். லிங்க்டு லிஸ்டில் ஒவ்வோர் உறுப்புக்கும் அடுத்தது எங்கே இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். ஆகவே தலையிலிருந்து புறப்பட்டுத்தான் ஐந்தாவதை அடைய முடியும். அப்பாவின் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இருக்க முடியாது என்று அன்று தோன்றியது. இப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டதும் உண்மை.

அன்று மாலை இன்னொன்று நடந்தது. "தண்ணீர்" என்ற சொல்லைக் கேட்டுப் பெற முடியாமல் டம்ளரை நோக்கிக் கையை நீட்டியிருந்த அதே மனிதர், அக்கா முதல் அடியை மெல்ல எடுத்துக்கொடுத்ததும், சிறுவயதில் மனப்பாடம் செய்த ஒரு பதிகத்தை நான்கு பாடல்கள் வரை பிசகின்றிப் பாடினார். இது அற்புதமும் அல்ல, அரிதும் அல்ல. மூளையின் முன்பகுதியில் ஓர் இடம் சிதைந்தால் பேச்சு குலையும் என்பதை, 'டான்' என்ற ஓரசையைத் தவிர வேறெதுவும் பேச முடியாதிருந்த ஒரு நோயாளியைக் கொண்டு 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா காட்டினார். பேச்சிழந்தவர்கள் வசைச் சொற்களையும் வழிபாட்டு வரிகளையும் தங்குதடையின்றிச் சொல்வதுண்டு என்பதை அதே நூற்றாண்டில் ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் கவனித்து, நாமாகச் சொல்லவந்து சொல்லும் பேச்சு வேறு, தானாக ஓடும் பேச்சு வேறு என்று பிரித்தார். எண் வரிசை, கிழமைப் பெயர்கள், பாட்டு, வழிபாடு எல்லாம் இரண்டாம் வகை. விளக்கம் தெளிவாகவே இருந்தது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று.

எனக்கும் அப்பாவுக்கும் கடவுளைப் பற்றி நீண்ட காலமாகவே ஒரு வழக்கு இருந்தது. ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் இரவு முழுக்க உட்கார்ந்து பேரேட்டைச் சரிபார்க்கிறவர், கடவுள் என்ற ஒரே ஒரு பதிவை மட்டும் ஏன் ஒருமுறைகூடச் சரிபார்ப்பதில்லை என்று நான் கேட்பேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்த வழக்கில் நான் எடுத்துக்கொண்டிருந்த நிலை, இன்று பலரும் யோசிக்காமலே எடுத்துக்கொள்ளும் நிலைதான்: பகுத்தறிவு என்பது கணக்கு, கணக்கைச் செய்வது இயந்திரத்துக்கு உரியது, ஆகவே பகுத்தறியும் மனம் ஒரு நல்ல கணினி, நம்பும் மனம் பழுதான கணினி. எதிர்த்தரப்பிலும் இதே வரைபடம்தான், நிறங்கள் மட்டும் மாறியிருக்கும்: இயந்திரத்தால் கணக்கிட முடியும், நம்ப முடியாது, ஆகவே நம்பிக்கையே மனிதனின் தனிச்சிறப்பு. இரு தரப்பும் கணக்கை இயந்திரத்தின் பக்கமும் நம்பிக்கையை மனிதனின் பக்கமும் வைப்பதில் ஒன்றுபடுகின்றன. அன்று மாலை அப்பாவின் கட்டிலருகே நான் கண்டதோ தலைகீழாக இருந்தது. இயந்திரம்போல ஓடியது வழிபாடு. இயந்திரம்போல ஓட மறுத்துத் திணறியது, ஒரு தம்ளர் தண்ணீர் வேண்டும் என்ற எண்ணம்.

மனம் கணினியைப் போல இயங்குகிறதா என்ற கேள்வியில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. கணினியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஒரு மனிதரின் வேலைப் பெயர்; உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர் என்பதே அதன் பொருள். 1936-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆலன் டூரிங் தம் கற்பனை இயந்திரத்தை விவரித்தபோது, கட்டம்போட்ட தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு விதிப்படி கணக்கிடும் ஒரு மனிதரை மனத்தில் வைத்தே அதன் ஒவ்வோர் உறுப்பையும் அமைத்தார். 1943-இல் நரம்பியலாளர் மெக்கலக்கும் தர்க்கவியலாளர் பிட்ஸும், நரம்பணுக்களை ஆம் அல்லது இல்லை என்று மட்டும் விடை தரும் தர்க்க வாயில்களாகக் கொண்டால் அவற்றின் வலைப்பின்னல் எதையெல்லாம் கணக்கிடும் என்று எழுதினார்கள். 1945-இல் கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் புதிய மின்னணு இயந்திரத்துக்கான வரைவை எழுதியபோது அந்த நரம்பணுக் குறியீடுகளையே எடுத்தாண்டு, இயந்திரத்தின் பாகங்களை 'உறுப்புகள்' என்றார். எண்களைச் சேமிக்கும் பகுதிக்கு 'நினைவு' என்று பெயர் வைத்தார். மனிதனிடம் கடன் வாங்கிய சொற்களால் இயந்திரத்தைக் கட்டினோம். பத்தே ஆண்டுகளில் அந்த இயந்திரத்தைச் சுட்டிக்காட்டி, மனிதனின் நினைவு இப்படித்தான் வேலை செய்கிறது என்று சொல்லத் தொடங்கினோம். கடன் கொடுத்தவன், தன் பணத்தையே வட்டிக்குத் திருப்பி வாங்கிய கதை இது.

அதற்காக அந்த ஒப்புமையே வெறும் சொல்விளையாட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. பிரெஞ்சு மெய்யியலாளர் தேகார்த் நரம்புகளை நீரூற்றுக் குழாய்களோடு ஒப்பிட்டார். பின்வந்தவர்கள் தொலைபேசி இணைப்பகத்தோடு ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு காலமும் தன் புதுப்பொருளை மண்டைக்குள் வைத்துப் பார்க்கிறது என்று கேலி செய்வது எளிது. குழாயும் இணைப்பகமும் வெறும் உவமைகளாக நின்றுவிட்டன. கணக்கீடு என்பதோ ஒரு கோட்பாடு: எந்தப் பொருளால் ஆனது என்பது முக்கியமில்லை, நிலைகள் எந்த விதிப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறுகின்றன என்பதே மனம் என்கிறது அது. 1960-களில் இந்தக் கருத்தை வலுவாக முன்வைத்த மெய்யியலாளர் ஹிலரி பட்னம், 1988-இல் வெளியிட்ட நூலில் தாமே அதைக் கைவிட்டார். ஆனால் அவர் கைவிட்ட பிறகும் அந்தக் கருத்து நன்றாகவே நடமாடிக்கொண்டிருக்கிறது. மேசைமேல் இருக்கும் பெட்டியைப் போன்றதா மூளை என்ற கேள்விக்கு மட்டும் விடை எளிது. இல்லை. ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள், 20 வாட் அளவு மின்விளக்குக்கு ஆகும் ஆற்றலில், சேமிக்கும் இடம் ஒன்று கணக்கிடும் இடம் ஒன்று என்ற பிரிவே இல்லாமல், பயன்படுத்தப் பயன்படுத்தத் தம் இணைப்புகளையே மாற்றிக்கொண்டு இயங்குகின்றன. நான் எழுதிய நிரல் எதுவும் ஓடுவதால் தான் ஓடும் மின்னணுச் சில்லை மாற்றிக்கொண்டதில்லை.

நினைவு என்ற சொல் எவ்வளவு ஏமாற்றும் என்பதை நான் புத்தகத்திலிருந்து கற்றிருந்தும், அக்காவின் கைபேசியிலிருந்துதான் உணர்ந்தேன். இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் சொன்ன கதையை இரண்டு ஆண்டுகளாகப் பலரிடம் அதே வடிவத்தில் சொல்லியிருக்கிறேன். சென்ற மாதம் அக்கா, அந்த நாள்களில் எடுத்த ஒலிப்பதிவுகளை எனக்கு அனுப்பினாள். பதிவில் அந்தப் பெண் விரல்களைத்தான் முதலில் காட்டுகிறார். அப்பா திணறுகிறார். அந்தப் பெண்ணே "ஒன்று…" என்று எடுத்துக்கொடுக்கிறார். அப்பா பற்றிக்கொண்டு தொடர்கிறார். பிள்ளைகள் எத்தனை என்ற கேள்வி மூன்று நாள் கழித்து வேறொரு பதிவில் வருகிறது. ஒன்றிலிருந்து தொடங்கலாம் என்ற வழியை அப்பா தானாகக் கண்டுபிடித்ததாக நான் நினைவில் எழுதிவைத்திருந்தது, மகன் தந்தைக்கு அளித்த பரிசு; நடந்தது அதுவன்று. முதல் பத்தியைத் திருத்தாமல் விட்டிருப்பது வேண்டுமென்றேதான். 1974-இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 150 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகத்தில் சென்றன என்று 50 பேரிடமும், 'இடித்துக்கொண்டபோது' என்ன வேகம் என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றியே கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு முதற்குழுவில் 16 பேரும் இரண்டாவதில் 7 பேரும் ஆம் என்றார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பதால் அதன் உள்ளடக்கம் மாறிவிடும் கணினியை யாரும் விலைகொடுத்து வாங்க மாட்டார்கள்; நாமோ அத்தகைய ஒன்றைக் கொண்டுதான் வாழ்கிறோம், சாட்சி சொல்கிறோம், சில வேளைகளில் சமயங்களையும் தொடங்கிவிடுகிறோம்.

ஆனால் மூளையின் பொறியமைப்பு வேறுபடுகிறது என்பதால் மட்டும் கேள்வி தீர்ந்துவிடாது. வேறு வகைக் கணினி என்று சொல்லிவிடலாம். 1980-இல் அமெரிக்க மெய்யியலாளர் ஜான் செர்ல் எழுப்பிய தடை இன்னும் ஆழமானது. சீன மொழி ஓர் எழுத்தும் தெரியாத ஒருவர் ஓர் அறைக்குள் இருக்கிறார். வெளியிலிருந்து வரும் சீனக் கேள்விகளுக்கு, விதிப்புத்தகத்தைப் பார்த்து, எந்தக் கோட்டுருவுக்கு எந்தக் கோட்டுருவை அனுப்ப வேண்டுமோ அதை அனுப்புகிறார். வெளியே இருப்பவருக்கு உள்ளே சீனம் அறிந்தவர் இருப்பதாகவே தோன்றும். விதியைப் பின்பற்றுவது புரிந்துகொள்வதாகாது என்பது செர்லின் வாதம். இதற்கு வந்த மறுப்புகள் ஒரு நூலகத்தையே நிரப்பும். அவற்றில் சில எனக்கு வலுவானவையாகவே படுகின்றன. ஆயினும் அந்த அறையை நினைக்கும்போதெல்லாம், பதிகம் பாடிய அப்பாவின் முகம் குறுக்கே வருகிறது. அவர் பாடியபோது அறைக்குள் இருந்தவர் யார்? பொருள் உணர்ந்து பாடினாரா, விதிப்புத்தகம் பாடியதா?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த ஒரே துப்பு, பாட்டில் இல்லை. அவருடைய பிழைகளில் இருந்தது. "பேனா" என்று சொல்ல முயன்று "சாவி" என்று சொல்லிவிடுவார். சொன்ன நொடியில் முகம் சுருங்கும், தலை இடமும் வலமுமாக ஆடும், கை எரிச்சலோடு போர்வையைத் தட்டும். சரியான சொல் எது என்று தெரியாத ஒருவருக்கு, தவறான சொல் தவறு என்று எப்படித் தெரிகிறது? பிழையைக் கண்டறியும் நிரலை நானும் எழுதுவேன். இரண்டு மதிப்புகளை ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் சிவப்பு எழுத்தில் ஒரு வரியை அச்சிடச் சொன்னால் போதும். அந்தச் சிவப்பு வரியால் இயந்திரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. அப்பாவுக்கு ஆயிற்று. சொல் பிசகியது அவருக்கு நேர்ந்த ஒன்றாக இருந்தது. கணினிக்கும் மனத்துக்கும் நடுவே கோடு போட வேண்டுமானால், நான் அதைக் கணக்குக்கும் நம்பிக்கைக்கும் நடுவே போட மாட்டேன்; தன் பிழை தன்னைச் சுடுகிற ஒன்றுக்கும் சுடாத ஒன்றுக்கும் நடுவே போடுவேன்.

இப்படிச் சுடுவது அறிவுக்கு இடையூறு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நரம்பியல் மருத்துவர் அன்டோனியோ டமாசியோ பதிவு செய்த நோயாளிகள் அந்தக் கருத்தைக் குலைத்தார்கள். மூளையின் முன்புற அடிப்பகுதி சிதைந்திருந்த அவர்களுக்கு நுண்ணறிவுச் சோதனைகளில் குறை ஏதும் இல்லை; உணர்ச்சி மட்டும் வற்றியிருந்தது. அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, அவர்களில் ஒருவர் ஏறத்தாழ அரை மணி நேரம் ஒவ்வொரு தேதிக்கும் சாதகபாதகங்களை அடுக்கிக்கொண்டே போனார். வேறு வேலைகள், வானிலை, எல்லாம். எதிலும் நிறுத்த அவரால் முடியவில்லை. இரண்டாவது தேதியில் வாருங்கள் என்று மருத்துவரே சொன்னதும், சரி என்று எழுந்து போய்விட்டார். நிறுத்துவது எங்கே என்று கணக்கு தானாகச் சொல்லாது.

அரை மணி நேரமென்ன, நான் நான்கு நாள்கள் அப்படி இருந்தேன். அப்பாவின் கழுத்து இரத்தக் குழாயில் இருந்த அடைப்பை அறுவை செய்து நீக்கினால் இன்னொரு பக்கவாதம் வரும் வாய்ப்பு குறையும் என்றும், ஆனால் அந்த அறுவையே பக்கவாதத்தைத் தூண்டிவிடும் சிறு வாய்ப்பும் உண்டு என்றும் மருத்துவர் சொன்னார். நான் எக்செல் தாளைத் திறந்தேன். வயது, இரத்த அழுத்தம், அடைப்பின் அளவு, படித்த ஆய்வுகளின் விகிதங்கள் என்று பத்திகள் வளர்ந்தன. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஓர் அனுமானத்தைச் சற்று நகர்த்தினால் விடை மறுபக்கம் சாய்ந்தது. அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட கேட்டியாடா?" என்றாள். கேட்கவில்லை. மருத்துவர் அடுத்த நாள் வந்து, படம் வரைந்து, மெதுவாக அப்பாவுக்கே விளக்கினார். அப்பா படத்தை நெடுநேரம் பார்த்தார். அடைப்பு இருந்த இடத்தில் விரலை வைத்து ஒருமுறை, கத்தி வரும் இடத்தில் விரலை வைத்து ஒருமுறை, இரண்டு கேள்விகளைச் சொல்லின்றிக் கேட்டார். விடைகளைக் கேட்டுக்கொண்டபின் மருத்துவரின் கையைப் பிடித்துத் தலையசைத்தார். அதன்பின் அறுவை நாள் வரை ஒருமுறைகூட அவர் பதறியதை நான் காணவில்லை.

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயப்படுவதும் தீராத துன்பம் என்கிற இந்தக் குறளில், 'தேர்தல்' ஒரு செயல், 'தெளிதல்' வேறொரு செயல் என்பதைப் பள்ளிக்காலத்தில் நான் கவனித்ததில்லை. தேர்வது கணக்கு. தெளிவது அந்தக் கணக்கை நிறுத்துவது. இரண்டாவது இல்லாமல் முதலாவது முடிவதில்லை. முதலாவது இல்லாத இரண்டாவது குருட்டுத்தனம். அப்பா படத்தின்மேல் வைத்த இரண்டு விரல்கள் தேர்தல்; கையைப் பிடித்தது தெளிதல். நான்கு நாள்களாக நான் செய்துகொண்டிருந்ததைப் பகுத்தறிவு என்று இனி என்னால் அழைக்க முடியாது. அது நிற்கத் தெரியாத சுழல். எந்த நிரலாளரும் தம் நிரலில் கண்டால் கூச்சப்படக்கூடியது.

இந்த இடத்தில், எனக்கு நீண்ட நாள்களாகப் பிடிக்காத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதவியலாளர், சமயச் சிந்தனையாளர் பிளேஸ் பாஸ்கல். கடவுள் உண்டு என்று பந்தயம் கட்டு, வென்றால் எல்லாம் கிடைக்கும், தோற்றால் ஒன்றும் போகாது என்ற அவருடைய வாதம் எனக்கு எப்போதுமே வியாபாரியின் தந்திரமாகவே பட்டது. எந்தக் கடவுளின்மேல் பந்தயம் என்ற கேள்வியிலேயே அது சரிந்துவிடும். ஆனால் இதே பாஸ்கல்தான் 1642-இல், 19 வயதில், வரிக் கணக்குகளோடு மல்லாடிக்கொண்டிருந்த தம் தந்தைக்காகப் பற்சக்கரங்களால் ஒரு கூட்டல் இயந்திரத்தைச் செய்யத் தொடங்கினார். ஒன்பதுக்கு மேல் போனால் அடுத்த இலக்கத்துக்குத் தானாக ஒன்றைக் கடத்தும் விசையை அமைப்பதே அதில் கடினமான பகுதி. 1654 நவம்பர் 23 இரவு அவருக்கு நேர்ந்த சமய அனுபவத்தை ஒரு தாளில் 'நெருப்பு' என்ற சொல்லோடு எழுதினார். மெய்யியலாளர்களின் கடவுளன்று, ஆபிரகாமின் கடவுள் என்றும் எழுதினார். 1662-இல் அவர் இறந்த பிறகு, சட்டையின் உட்துணியில் தைத்துவைத்த நிலையில் அது கிடைத்தது. கூட்டல் இயந்திரமும் சட்டைக்குள் தைத்த நெருப்பும் ஒரே ஆளுடையவை.

அவர் விட்டுச்சென்ற குறிப்புகளில் இரண்டு, அப்பாவின் கட்டிலருகே எனக்கு மிகவும் தேவைப்பட்டன. கணித இயந்திரத்தின் செயல்கள், விலங்குகளின் எந்தச் செயலையும்விடச் சிந்தனைக்கு நெருங்கி வருகின்றன. ஆனால் விலங்குகளுக்கு விருப்பம் உண்டு என்று சொல்லவைக்கும் எதுவும் அந்த இயந்திரத்திடம் இல்லை என்பது ஒன்று. 1950-இல் டூரிங், இயந்திரம் சிந்திக்குமா என்று கேட்பதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முன்பே எழுதப்பட்டது இது. மற்றொன்று இன்னும் எதிர்பாராதது: நாம் மனம் எவ்வளவோ அவ்வளவு இயந்திரமும்கூட என்கிறார் பாஸ்கல். வாதங்கள் மனத்தை மட்டுமே இணங்கவைக்கும். உள்ளிருக்கும் இயந்திரத்தைப் பழக்கம்தான் இணங்கவைக்கும். ஆகவே நம்ப விரும்புகிறவன் மண்டியிடவும் மந்திரம் சொல்லவும் பழக வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. இதை நான் இளமையில் படித்தபோது, மூளைச்சலவைக்கான ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன். இப்போதும் அதில் அந்த ஆபத்து இருக்கிறது. ஆனால் கூட்டல் வாய்ப்பாடும் அதே வழியில்தான் நமக்குள் இறங்கியது என்பதை ஏனோ அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. அப்பாவின் பதிகமும் ஒன்று இரண்டு மூன்றும் ஒரே வயதில், ஒரே கூட்டுக் குரலில், ஒரே பாயில் உட்கார்ந்து கற்றவை; நோய் அவை இரண்டையும் ஒன்றாகவே விட்டுவைத்தது.

அப்படியானால் கணக்கும் நம்பிக்கைதானே, எல்லாமே நம்பிக்கைதானே என்று ஒரு குரல் உடனே எழும். இந்த முடிவுக்கு என்னை இழுத்துச் செல்ல முயன்ற நண்பர்கள் உண்டு. அவர்களோடு நான் போகவில்லை. 1931-இல் தர்க்கவியலாளர் கர்ட் கோடல் நிறுவியதை அவர்கள் துணைக்கு அழைப்பார்கள்: எண்கணிதத்தை உள்ளடக்கிய, விதிகளை இயந்திரத்தனமாகப் பட்டியலிடக்கூடிய, முரணற்ற எந்த முறைமையும் தன் முரணின்மையைத் தன் விதிகளைக் கொண்டே நிறுவ முடியாது. விதிகளால் நிறுவ முடியாததையும் மனம் உண்மையென்று காண்கிறது, ஆகவே மனம் கணினியைவிட உயர்ந்தது என்று இதை வைத்துக்கொண்டு 1961-இல் மெய்யியலாளர் லூக்காஸும் 1989-இல் இயற்பியலாளர் பென்ரோஸும் வாதிட்டார்கள். மனித மனம் முரணற்றது என்று அவர்களுக்கு யார் சொன்னது என்பதே என் ஐயம். கோடலின் தேற்றத்திலிருந்து கடவுளுக்குத் தாவுகிறவர்களோ இன்னும் பெரிய பள்ளத்தைத் தாண்டுகிறார்கள். கணக்கு தன் அடித்தளத்தைத் தானே தாங்க முடியாது என்பதால், அடித்தளமே இல்லாத கூற்றுகள் அனைத்தும் அதற்குச் சமமாகிவிடாது. மருத்துவரின் மேல் அப்பா வைத்த நம்பிக்கைக்கு, அது உடையக்கூடிய இடங்கள் இருந்தன. படத்தில் அவர் விரல் வைத்த இடங்கள் அவைதாம். எது நடந்தால் இதைக் கைவிடுவேன் என்று சொல்லத் தெரிந்த நம்பிக்கைக்கும், எது நடந்தாலும் அதையே சான்றாக்கிக்கொள்ளும் நம்பிக்கைக்கும் இடையிலுள்ள தொலைவு, நம்பிக்கைக்கும் ஐயத்துக்கும் இடையிலுள்ள தொலைவைவிடப் பெரியது.

நம் மொழியில் இந்தச் சிக்கல் சற்றுக் கூடுதல். கடவுளை நம்புவதற்கும், நண்பனை நம்புவதற்கும், நாளை நன்றாக இருக்கும் என்று நம்புவதற்கும், தன்மேல் உறுதியோடு இருப்பதற்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். ஆகவே 'நம்பிக்கையா பகுத்தறிவா' என்று மேடையில் யாராவது கேட்டால், நான்கில் எதை எதிர்க்கிறார் என்பது பாதிப் பேச்சுக்குப் பிறகுதான் விளங்குகிறது. பழைய நூல்கள் இதில் நம்மைவிடக் கூர்மையாக இருந்தன. அறியும் வழிகளை 'அளவை' என்று அழைத்து, காட்சி (நேரே காண்பது), கருதல் (அனுமானம்), உரை (பிறர் சொல்லை ஏற்பது) என்று பிரித்து, எதை எந்த அளவுகோலால் அளப்பது என்று விவாதித்தன. மணிமேகலையில் ஒரு பூதவாதி, நிலம் நீர் முதலிய பூதங்களைத் தவிர வேறெதுவும் இல்லை என்பவன், வருகிறான். மலரும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடும்போது கள்ளில் களிப்புப் பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது என்கிறான். கண்ணால் காண்பது தவிர வேறு அளவை கிடையாது என்றும் சொல்கிறான். உணர்வு பொருளிலிருந்தே எழுகிறது என்று இன்று நரம்பியலாளர்கள் சொல்வதற்கு, அவனுடைய முதற்கூற்று வியப்பூட்டும் அளவுக்கு அருகில் நிற்கிறது. மணிமேகலை அதைத் தொடவில்லை. இரண்டாவதைப் பிடிக்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? அனுமானம் என்கிறாள் அவள். என்னைக் கேட்டால், உரை என்பேன். 'இவர்தான் உன் அப்பா' என்று யாரோ சொன்னதை ஏற்றுக்கொண்டோம், சரிபார்க்கவில்லை.

சைவ சித்தாந்தியிடம் போய் மனம் ஓர் இயந்திரமா என்று கேட்டால், அவர் அதிர்ச்சியே அடைய மாட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் அவருக்கு 'அந்தக்கரணங்கள்', அதாவது அகக்கருவிகள். கரணம் என்றாலே கருவி. மாயையின் விளைவான அவை சடம், தாமாக அறியாதவை. ஆமாம், இயந்திரம்தான், அதனால் என்ன, அதைக் கொண்டு அறிகிறவன் வேறு என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அந்த 'வேறு' ஒருவனை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் கேள்வியை அவர் வைக்கும் இடம், நம் காலத்து விவாதங்கள் பலவற்றைவிடச் சரியான இடம் என்று நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் உரையாடும் நிரல்கள் வந்துவிட்டன. வேலைக்காக அவற்றோடு நாள் முழுதும் பேசுகிறேன். ஐந்து நிமிடப் பேச்சில் மனிதரென்று ஏமாறும் அளவுக்கு இயந்திரங்கள் ஒருநாள் வரும் என்று 1950-இல் டூரிங் சொன்னதை நினைத்துக்கொள்கிறேன். ஒருநாள் ஒரு நிரலின் பிழையைச் சுட்டிக்காட்டினேன். மிக அழகான சொற்களில் மன்னிப்புக் கேட்டது. அடுத்த வரியில் அதே பிழையை, அதே சரளத்தோடு, திரும்பச் செய்தது. மன்னிப்பிலும் பிழையிலும் குரல் ஒன்றாகவே இருந்தது. போர்வையைத் தட்டும் கை அங்கே இல்லை. நாளை வருமா என்று கேட்டால், வராது என்று அடித்துச் சொல்ல என்னிடம் சான்று இல்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. பேச்சு மெல்லத் திரும்பியது. அதில் கடவுளின் பங்கு பற்றி நானும் அப்பாவும் இன்னும் உடன்படவில்லை. திரும்பிய வழியை மட்டும் கண்ணால் கண்டேன். பாட முடிகிறவர்களுக்கு, பாட்டின் மெட்டிலேயே பேச்சை ஏற்றிப் பழக்கும் ஒரு முறை 1973 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பெண் அப்பாவின் இடக்கையைப் பிடித்து, ஒவ்வோர் அசைக்கும் ஒரு தட்டு தட்டி, பதிகத்தின் முதல் அடியின் மெட்டில் "தண்-ணீர் வேண்-டும்" என்று பாடச் செய்தார். முதல் வாரம் அப்பா மெட்டைப் பிடித்ததும் பழைய சொற்களுக்கே ஓடிப்போய்விடுவார். தண்ணீர் கேட்கத் தொடங்கி இறைவனைப் புகழ்ந்து முடிப்பார். மூன்றாவது வாரம் தண்ணீர் கேட்டார், பாட்டாக. பிறகு மெட்டு தேய்ந்து, பேச்சு மட்டும் நிலைத்தது. அவருடைய பக்தியைக் கருவியாக்கிக்கொண்டார்களே என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அப்பாவுக்கு உறுத்தவில்லை.

சென்ற வாரம், ஒலிப்பதிவுகளைக் கேட்டு முடித்த மறுநாள், அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேவிட்டேன். "ஆஸ்பத்திரியில அந்தப் பாட்டைப் பாடினீங்களே அப்பா, அப்ப அர்த்தம் மனசுல ஓடுச்சா, இல்ல வெறும் வார்த்தையா வந்துச்சா?"

அவர் நெடுநேரம் யோசித்தார். இன்னமும் சொற்களுக்கு இடையில் இடைவெளி உண்டு.

"இப்படிக் கேட்டா… சொல்லத் தெரியாதுப்பா. பாடிப் பார்த்தாத்தான் தெரியும்."

முதல் அடியிலிருந்து தொடங்கினார். நான் எதிரே உட்கார்ந்து, எந்த இடத்தில் இயந்திரம் நின்று அவர் தொடங்குகிறார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பாடலின் நடுவில் ஒரு சொல்லை மாற்றிப் பாடிவிட்டார். எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. முகம் சுருங்கியது, கை ஒருமுறை தொடையைத் தட்டியது. "தப்பு," என்று சொல்லி நிறுத்தி, மறுபடியும் முதல் அடிக்குப் போனார்.